மூலைல இருக்கறது தெரியுதா? ஹெரிடிட்டரி ப்ளூரே டிஸ்க்க மூணு ராத்திரி போட்டுப் பாத்தது

மொதல்லயே சொல்லிடறேன், படத்தோட கடைசி காட்சி வரைக்கும் எல்லாத்தையும் இதுல பேசப்போறேன். படம் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க, ஏன்னா இந்த டிஸ்க் நல்லாருக்கா இல்லையான்னு சொல்லணும்னா கடைசி அரை மணி நேரத்துல வர ஒரு பெட்ரூமோட இருட்டு மூலைய பத்திப் பேசாம முடியாது.

ஹெரிடிட்டரி 2018 ஜனவரில சண்டேன்ஸ் விழால மொதல்ல காட்டுன ஹாரர் படம், ஜூன் 8 அமெரிக்கால தியேட்டருக்கு வந்துச்சு, வெளியிட்டது ஏ24. டைரக்டர் ஆரி ஆஸ்டருக்கு இதுதான் மொத முழுநீளப் படம். ஏறத்தாழ 1 கோடி டாலர்ல எடுத்து உலகம் பூரா 8 கோடி டாலருக்கு மேல வசூல், அன்னைக்கு வரைக்கும் ஏ24 படங்கள்லயே அதுதான் பெரிய வசூல். ஆனா மொத நாள் படம் பாத்துட்டு வெளிய வந்தவங்ககிட்ட சினிமாஸ்கோர்ங்கற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டப்போ கிடைச்ச மார்க் டி பிளஸ், ரொம்ப மோசமான மார்க். ரெண்டையும் சேத்துப் பாத்தா எனக்கு என்ன தோணுதுன்னா, இது ஒரு தடவ பாத்துட்டு எழுந்து போற படம் இல்ல, மொத தடவ கோவம் வரும், ரெண்டாவது தடவ பாக்கறப்பதான் எவ்வளவு விஷயத்த நம்ம கண்ணு முன்னாடியே வெச்சிருக்கான்னு புரியும்.

ஒரு உதாரணம் சொல்றேன். கதைல ஆனிங்கறவ குட்டி குட்டி வீடுகள செய்யற ஒரு அம்மா, பீட்டர் அவ பையன், சார்லி அவ பொண்ணு. சார்லியும் பீட்டரும் கார்ல பார்ட்டிக்குப் போறப்ப ரோட்டோரம் ஒரு கம்பத்த கடந்து போவாங்க, அந்தக் கம்பத்துல பைமோனுங்கற பிசாசோட முத்திரை செதுக்கியிருக்கும், பாட்டி கழுத்துல போட்டிருந்த அதே முத்திரை. திரும்பி வரப்ப அதே கம்பத்துலதான் அந்தப் பொண்ணு உயிர் போகுது. வீட்டுச் செவுத்துல புரியாத வார்த்தைங்க கிறுக்கியிருக்கும், யாரும் அத பத்திப் பேசவே மாட்டாங்க. இதெல்லாம் தியேட்டர்ல ஒரு நொடில போயிடும். வீட்டுல டிஸ்க் இருந்தா நிறுத்தி, பின்னாடி போய், மறுபடி பாக்கலாம், அதனால இந்தப் படத்துக்கு டிஸ்க்குங்கறது வெறும் ஞாபகார்த்தமா அலமாரில வெக்கற பொருள் கிடையாது. அதுல படம் சரியா பதிவாகியிருக்கணும், குறிப்பா இருட்டு.

லயன்ஸ்கேட் போட்ட ப்ளூரே 2018 செப்டம்பர் 4 வந்துச்சு. எனக்கு வந்து சேந்தது ரொம்ப பின்னாடி. சிங்கப்பூர்ல வேல பாக்கற என் சித்தி பையன் லீவுக்குத் திருச்சி வந்தப்ப டிஸ்க்கோட ஒரு பழைய பிளேயரையும் சேத்துக் கொண்டுவந்தான், ஏன்னா ப்ளூரேல உலகத்த ஏ, பி, சின்னு மூணா பிரிச்சு வெச்சிருக்காங்க, அமெரிக்கா ஏ, சிங்கப்பூர் மலேசியாவும் ஏ, ஐரோப்பா ஆஸ்திரேலியா எல்லாம் பி, நம்ம இந்தியாவும் இலங்கையும் சி. அமெரிக்கால அச்சடிச்ச ஏ டிஸ்க்க இங்க வாங்குன பிளேயர்ல போட்டா பூட்டு போட்டிருந்தா ஓடாது. இங்க இருந்து வாங்க நெனைக்கறவங்க இத மொதல்ல பாருங்க, டிஸ்க் விலைய விட இதுதான் பெரிய தடை.

மொத ராத்திரி

ஹால் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, லைட்டெல்லாம் அணைச்சு, ரெண்டு பேரும் உக்காந்தோம். டிவி 43 இஞ்ச், அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும். படம் ஆரம்பத்துல நல்லாதான் இருந்துச்சு, அந்த மொத ஷாட்ல கேமரா பொம்மை வீட்டுக்குள்ள மெதுவா போய் அந்தச் சின்ன ரூமே நெஜ ரூமா மாறி அப்பா கதவத் தொறந்துட்டு உள்ள வர எடம், மரத்தோட நெளிவு, துணியோட மடிப்பு எல்லாம் அவ்வளவு தெளிவு. ஆனா பாட்டி அடக்கம் முடிஞ்சு அன்னைக்கு ராத்திரி ஆனி தன் வேலை ரூம்ல நிக்கறப்ப மூலைல பாட்டி நிப்பாங்களே, அங்க ஒரு வெளிறுன முகம் மட்டும் மொட்டையா தெரிஞ்சுது, உடம்பு இல்ல, பின்னாடி செவுரு இல்ல. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

அப்புறம் அந்த பெட்ரூம். பீட்டர் ராத்திரி முழிச்சு கட்டில்ல உக்காருவான், அவன் பின்னாடி செவுரும் கூரையும் சேர்ற மூலைல அவன் அம்மா ஒட்டிக்கிட்டு இருப்பா. சத்தம் எதுவும் போட்டுக் காட்டிக்கொடுக்க மாட்டாங்க, கேமரா அவ பக்கம் போகவே போகாது. தியேட்டர்ல பாத்தவங்க நெறைய பேர் சொன்ன விஷயம் இது, எல்லாரும் ஒண்ணா கத்தல, ஒருத்தருக்குக் கண்ணு இருட்டுக்குப் பழகி அவ தெரிஞ்சதும் அவர் மூச்ச இழுப்பாரு, கொஞ்ச நேரம் கழிச்சு நாலு சீட் தள்ளி இன்னொருத்தர். நான் தம்பியவே பாத்துக்கிட்டு இருந்தேன், அவன் அந்தப் படத்த அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல.

"என்னண்ணே, என் மூஞ்சியவே பாக்கறீங்க?"

"ஸ்க்ரீன பாருடா. மூலைல ஏதாச்சும் தெரியுதா?"

"மூலையே இல்லையேண்ணே. கருப்பா இருக்கு, அவ்வளவுதான்."

அவ அங்கேந்து நகர்ந்து போறப்பதான் அவன் "ஐயோ"ன்னான். அதுவரைக்கும் அந்த ஷாட்டு அவனுக்கு வெறும் ஒரு பையன் கட்டில்ல உக்காந்திருக்கற ஷாட்டு. எனக்கு மனசு விட்டுப்போச்சு. இந்தப் படத்துலயே எனக்கு ரொம்பப் புடிச்ச பத்து பதினஞ்சு நொடிய இந்த டிஸ்க் முழுங்கிடுச்சுன்னு முடிவு பண்ணி அன்னைக்கே ஒரு நோட்டுல "இருட்டு போச்சு, ஃபெயில்"னு எழுதியும் வெச்சுட்டேன்.

அந்த முடிவு தப்பு. எங்க தப்பாச்சுன்னு சொல்றேன், இதே தப்ப நெறைய பேர் வீட்டுல தெரியாமயே பண்ணிக்கிட்டு இருக்கோம்னு நெனைக்கறேன்.

ரெண்டாவது ராத்திரி

காலைல எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. இந்தப் படம் 2க்கு 1ங்கற அளவுல எடுத்தது, 1920க்கு 960. டிவில 1080 வரி இருக்கறதால மேல 60 வரி, கீழ 60 வரி கருப்புப் பட்டையா நிக்கும். அந்தப் பட்டைதான் டிஸ்க்குல இருக்கறதுலயே சுத்தமான கருப்பு. ராத்திரி காட்சில ரூமோட இருட்டு அந்தப் பட்டையோட ஒட்டிப் பாத்தா ஒரு துளி வெளுப்பா தெரியணும், ஒரு கோடாவது தெரியணும். மொத ராத்திரி எங்க டிவில பட்டை எங்க முடியுது ரூம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. கேமராமேன் பாவெல் போகோஷெல்ஸ்கி ஒரு வீட்டோட உள்பக்கம் முழுசையும் செட்டா போட்டு, செவுத்தக் கழட்டிக் கழட்டி எடுத்த படத்துல, ஒவ்வொரு இருட்டையும் யோசிச்சு வெச்ச படத்துல, ரூம் அப்படியே பட்டைக்குள்ள கரைஞ்சு போற மாதிரி விடுவாங்களா? விட மாட்டாங்க. அப்ப கோளாறு வழில எங்கயோ இருக்கு.

பிளேயர் மெனுவ திறந்து பாத்தா எச்டிஎம்ஐ வெளியீடு ஆர்ஜிபி ஃபுல்னு இருந்துச்சு. அத அப்படி வெச்சது நான்தான், அன்னைக்கு சாயங்காலம் பிளேயர மாட்டறப்ப ஃபுல்னா நல்லதுன்னு நெனைச்சு மாத்துனேன். டிவி பக்கம் லிமிடெட்னு இருந்துச்சு. இதோட விளைவு என்னன்னு கொஞ்சம் பொறுமையா கேளுங்க. வெளிச்சத்த 0ல இருந்து 255 வரைக்கும் படியா எண்ணுவாங்க, ஆனா சினிமா டிஸ்க்குல கருப்புன்னா 0 இல்ல, 16. வெள்ளைனா 235. ஃபுல்லுன்னு போட்டா பிளேயர் இந்த 16ல இருந்து 235 வரைக்கும் இருக்கறத இழுத்து 0ல இருந்து 255 வரைக்கும் பரப்பி அனுப்பும். டிவிக்கு அது தெரியாது, வரது லிமிடெட்னு நெனைச்சு 16க்குக் கீழ வரது எல்லாத்தையும் கருப்புன்னு வெட்டிப் போட்டுடும். கணக்கு போட்டுப் பாத்தேன், டிஸ்க்குல 16ல இருந்து 29 வரைக்கும் இருக்கற அத்தனை சாயலும் ஒரே கருப்பாயிடுது. மொத்தம் 14 படி. பகல்ல நடக்கற காமெடிப் படத்துல இது போனா யாருக்கும் தெரியக்கூட தெரியாது, ஆனா பீட்டரோட ரூம் மூலை கிட்டத்தட்ட முழுசா அந்தப் படிகள்லதான் இருக்கு.

பிளேயர லிமிடெட்டுக்கு மாத்துனேன். டிவில டைனமிக் கான்ட்ராஸ்ட்னு ஒண்ணு இருக்கும், இருட்டுக் காட்சி வந்தா அது தானா பின் விளக்கக் கொறைச்சு இருட்ட இன்னும் இருட்டாக்கும், அதையும் அணைச்சேன். பளபளன்னு காட்டற மோட விட்டுட்டு சினிமா மோட். பிரைட்னஸ்ஸ பட்டைக்கும் ரூமுக்கும் நடுவுல கோடு மெல்லிசா தெரியற வரைக்கும் ஏத்தி, பட்டையே சாம்பலாகறதுக்கு ஒரு படி முன்னாடி நிறுத்துனேன். இவ்வளவுதான் பண்ணேன், கால் மணி நேர வேலை.

மறுபடி அந்தக் காட்சி. மொதல்ல ஒண்ணும் இல்ல. செவுரு தெரியுது, கூரை தெரியுது, ரெண்டும் சேர்ற எடத்துல ஏதோ தடிமனா இருக்கு. அப்புறம் அது முழங்காலாகுது, கையாகுது. அங்க இருக்கற ஆள மொத பாக்கறப்ப எனக்கு முதுகுல ஓடுன சில்லிப்பு, படம் ஏழெட்டு தடவ பாத்தவன் நான், இருந்தும் ஓடுச்சு. டிஸ்க்குல எல்லாமே பத்திரமா இருந்துச்சு. நோட்டுல எழுதுனத அடிச்சுட்டேன்.

மூணாவது ராத்திரி

இதுதான் முழுசா ஒக்காந்து மதிப்பிட்ட ராத்திரி. கூடவே ஓடிடில இருக்கற அதே படத்தையும் அதே டிவில, அதே செட்டிங்ல, காட்சிக்குக் காட்சி மாத்தி மாத்திப் பாத்தோம்.

ப்ளூரேல படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரைக்கும் குடுக்கலாம், ஓடிடில 1080பிக்கு சாதாரணமா அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும்தான் வரும். இது ஆரி அலெக்சாங்கற கேமராவுல டிஜிட்டலா எடுத்த படம், ஃபிலிம்ல வர மாதிரி மணல் தூவுன மாதிரியான பெரிய புள்ளிங்க கிடையாது, செவுத்து இருட்டு ரொம்ப மழமழன்னு மெதுவா மாறிக்கிட்டே போகும், அப்படி மாறற எடத்துல இருக்கற மெல்லிய புள்ளி நடுக்கத்த, படத்த சின்ன ஃபைலா சுருக்கறப்ப மொதல்ல தூக்கிப் போட்டுடுவாங்க, ஏன்னா இருட்டுல மனுசன் கண்ணு அதப் பாக்காதுன்னு ஒரு கணக்கு. ஆனா இந்தப் படம் நம்மள இருட்டையே உத்துப் பாக்க வெக்குது! ஓடிடில அந்த மூலை கட்டம் கட்டமா ஒடைஞ்சு, அம்மா அசையாம இருக்கறப்ப செவுத்தோட செவுரா கட்டத்துக்குள்ள போயிடறா, கொஞ்சம் அசைஞ்சதும் அந்த எடம் மட்டும் சட்டுனு தெளிவாகி நம்மள கூப்புட்டுக் காட்டுது. அதாவது நாமளா கண்டுபுடிக்க வேண்டியத சுருக்கற மிஷினு காட்டிக்கொடுத்துடுது. டிஸ்க்குல அந்த மெல்லிய நடுக்கம் ரூம் முழுக்க ஒரே மாதிரி இருக்கு, அவ மேலயும் செவுத்து மேலயும் ஒரே மாதிரி, அதனால அவ ஒளிஞ்சிருக்கற மாதிரியே ஒளிஞ்சிருக்கா. எனக்கு இந்த டிஸ்க்கோட பெரிய வெற்றி இதுதான்.

கொறையும் இருக்கு. படத்துல அப்பப்ப ஒரு வெளிச்சம் செவுத்து மேல மின்னிக்கிட்டே நகரும், அந்த ஒளி மங்கி இருட்டோட சேர்ற ஓரத்துல லேசா பட்டை பட்டையா படி தெரியுது. இது 8 பிட் ப்ளூரேயோட எல்லை, கருப்புக்குப் பக்கத்துல இருக்கறதே கொஞ்சம் படிகள்தான், அத வெச்சு ஒரு முழு செவுத்துக்கு சாயல் பூசணும்னா எங்கயாவது ஒரு படி கண்ணுல படத்தான் செய்யும். ரெண்டு எடத்துல கவனிச்சேன், தம்பி நான் காட்டுன அப்புறம்தான் பாத்தான்.

நிறம் அருமை. வீட்டுக்குள்ள பழுப்பும் மஞ்சளும், ஆனிக்குப் பழக்கமாகற ஜோனோட வீட்டுல ஆவிகிட்ட பேச உக்கார்றப்ப வர கதகதப்பு, கடைசில மரத்து மேல இருக்கற குட்டி வீட்டுக்குள்ள வர பொன் நிறம். வெளிய இருந்து வீட்டக் காட்டற ஷாட்ல ராத்திரி சட்டுனு பகலாகும், யாரோ ஸ்விட்ச் போட்ட மாதிரி, அந்த வெட்டு இந்த டிஸ்க்குல கண்ணு கூசற அளவுக்கு இருக்கு, அப்படித்தான் இருக்கணும்.

இப்ப சத்தம். இதுக்கு அன்னைக்கு ஃபேன அணைச்சோம், மே மாசம், வேர்வைல நனைஞ்சுட்டோம், ஆனா அணைக்காம முடியாது. டிஸ்க்குல இருக்கறது டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆடியோ 5.1, சுருக்கியும் எதையும் இழக்காத வகை. இசை காலின் ஸ்டெட்சன், பாஸ் சாக்ஸபோன மூச்சு விடாம சுத்திச் சுத்தி ஊதற ஆளு. அவரோட தாழ்ந்த சுரம் வூஃபர்ல வரப்ப சத்தமாவே தெரியாது, தரை வழியா கால்ல ஏறும், எப்ப ஆரம்பிச்சுதுன்னே சொல்ல முடியாது, நிக்கறப்பதான் இவ்வளவு நேரம் ஓடிக்கிட்டு இருந்துச்சான்னு தெரியும். ஓடிடில அதே எடம் ஏதோ பக்கத்து வீட்டு மோட்டார் ஓடற மாதிரி ஒரு தட்டையான உறுமல்.

அப்புறம் சார்லி நாக்க மேலண்ணத்துல தட்டற அந்த "டக்". அவ செத்ததுக்கு அப்புறம் அந்தச் சத்தம் வருதே, அந்த ஒத்த சத்தத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கற அமைதிய டிஸ்க் எப்படிக் குடுக்குதுங்கறதுதான் பரீட்சை. இரைச்சல் துளி கூட இல்ல, ரூம்ல நம்ம பக்கத்துல இருந்து வந்த மாதிரி இருந்துச்சு, தம்பி நெஜமாவே திரும்பிப் பாத்தான். விபத்துக்கு அப்புறம் பீட்டர் கார நிறுத்திட்டு பின்னாடி திரும்பாம உக்காந்திருக்கற நேரம், மறுநாள் காலைல ஆனியோட அலறல் வெளிய கேக்க கேமரா பீட்டர் முகத்துலயே நிக்கற நேரம், இந்த ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டா ஒரு அமைதிக்கும் ஒரு அலறலுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு தெரியும். அந்தத் தூரத்த நைட் மோட் போட்டுக் கொறைச்சுடாதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க முழிச்சுப்பாங்கன்னா ஹெட்போன் போடுங்க, நைட் மோட் மட்டும் வேணாம்.

சப்டைட்டில் தமிழ்ல கிடையாது. காது கேக்காதவங்களுக்காக சத்தத்தையும் எழுத்துல போடற இங்கிலீஷ் வகை இருக்கு, அது தேவைப்படறவங்களுக்கு அவசியம், ஆனா மத்தவங்க மொத தடவ அணைச்சுட்டுப் பாருங்க, சத்தம் வரப்ப அது என்ன சத்தம்னு கீழ எழுத்து வந்து நின்னா பாதி பயம் போயிடும்.

கூடுதலா வெச்சிருக்கறதுதான் எனக்கு ஏமாத்தம். படம் எடுத்த விதம் பத்தி ஒரு சின்ன டாக்குமெண்டரி, வெட்டுன காட்சிகள் கொஞ்சம், ஆனியோட குட்டி வீடுகளோட ஃபோட்டோ தொகுப்பு. அவ்வளவுதான். டைரக்டர் கமென்ட்ரி இல்ல. மொதல்ல வெட்டுனப்ப படம் ஏறத்தாழ 3 மணி நேரம் இருந்துச்சுன்னு ஆஸ்டரே சொன்ன படம் இது, 127 நிமிஷத்துக்கு வர என்னென்ன போச்சு, ஏன் போச்சுன்னு அவர் வாயால கேக்கணும்னு ஆசப்படாத ரசிகன் யாரு? வெட்டுன காட்சிகள பாத்தா அந்தக் குடும்பம் ஒருத்தர ஒருத்தர் எப்படித் தாங்க முடியாம இருந்தாங்கன்னு இன்னும் தெரியுது, ஆனியா நடிச்ச டோனி கொலெட் முழு படத்துல பண்ணத விட ஒரு படி கூட அடங்கிப் பண்ணியிருக்காங்க சில எடத்துல. அதுக்காகவே அந்தப் பகுதிய பாக்கலாம். குட்டி வீடுகள ஃபோட்டோவா காட்டுனதுக்குப் பதிலா அத செஞ்சவங்கள உக்கார வெச்சுப் பேச விட்டிருக்கலாம், படத்தோட முதுகெலும்பே அந்த வேலைதானே.

பின்னாடி 4கே டிஸ்க்கும் வந்துச்சு, 4கேக்கு இந்த ஏ பி சி பிரிவே கிடையாது, எந்த ஊர் 4கே பிளேயர்லயும் ஓடும், எச்டிஆர்ல 10 பிட், அதாவது இன்னும் நெறைய படிகள் வரதால நான் சொன்ன அந்தப் பட்டைப் பிரச்சனைக்கும் எடம் கம்மி. 4கே பிளேயரும் நல்ல டிவியும் இருக்கறவங்க அதுக்குப் போங்க. எங்கள மாதிரி சாதா எல்இடி டிவியும் ப்ளூரே பிளேயரும் வெச்சிருக்கறவங்களுக்கு இந்த 2018 டிஸ்க்கே போதும், படத்துக்குப் பத்துக்கு எட்டரை, சத்தத்துக்கு ஒன்பதரை, கூடுதல் விஷயங்களுக்கு நாலுக்கு மேல குடுக்க மனசு வரல. ஓடிடில இந்தப் படத்த பாத்துட்டு "அப்படி ஒண்ணும் பயமா இல்லையே"ன்னு சொல்றவங்க மேல எனக்கு இப்ப கோவம் வரதில்ல, அவங்களுக்கு அந்த மூலை வந்தே சேரல.

தம்பி லீவு முடிஞ்சு கிளம்பறப்ப பிளேயர இங்கயே விட்டுட்டுப் போயிட்டான். டிஸ்க்க கேட்டு ரெண்டு பேர் வந்துட்டாங்க. அட்டைக்குள்ள ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கேன்: பிளேயர்ல லிமிடெட், டிவில லிமிடெட், டைனமிக் கான்ட்ராஸ்ட் அணைக்கணும், மேல பட்டைக்கும் ரூமுக்கும் நடுவுல கோடு தெரியணும், ஃபேன அணைச்சுடணும்.